பத்துமணிப் பூவுக்கு ஆறு மணித் தண்ணீர்

2025 ஆகஸ்ட் 11. மாடி வீட்டுப் பரிமளா தன் தொங்குதொட்டிகளில் வளரும் வண்ண வண்ணப் பத்துமணிப் பூக்களுக்கு ஊற்றும் நீர், நாள்தோறும் காலை ஆறு மணிக்கு வாசலில் கிடக்கும் தம் நாளிதழை நனைப்பதாக, திண்டிவனத்தில் கீழ்வீட்டில் தனியே வசிக்கும் அப்பாதுரை வீட்டு உரிமையாளர் ராஜசேகரிடம் எழுதிக் கொடுத்தார். தொட்டிகளை அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை.

மறுநாள் காலை பரிமளா நீர் ஊற்றினாள். கீழிருந்து வழக்கமான வசவு வரவில்லை. இன்னொரு குவளை ஊற்றினாள். அப்போதும் வரவில்லை. படியிறங்கி ஓடினாள். நாளிதழ் எடுக்கப்படாமல் நனைந்து கிடந்தது. கதவைத் தட்டினாள்.

திறந்தவர் ராஜசேகர்; பின்னால் அப்பாதுரை.

"கையும் களவுமாப் புடிக்கத்தாம்மா இவர வாயத் தொறக்காதீங்கன்னேன்" என்றார் ராஜசேகர். "இந்தப் பூவுக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி? மழையிலயும் ஊத்துறியாமே. வேர் அழுவாதா?"

"அழுவத்தான் செய்யுது சார். மூணு வாட்டி புதுசா வெச்சிட்டேன்."

"அப்புறம் ஏன்?"

"மாசியில இவரு வுழுந்து ஒரு நாள் பூரா உள்ளயே கெடந்தாரு. யாருக்கும் தெரியல. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா, நான் என்ன நோயாளியான்னு எரிஞ்சி வுழறாரு. தண்ணி சொட்டுனா திட்டுவாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அடுப்புல வேலை ஓடும்."

அப்பாதுரை ராஜசேகரிடமிருந்து புகாரை வாங்கிக் கிழித்தார்.

"செடிய அழுவடிக்காத. இனிமே நேரா பேப்பர் மேலயே ஊத்தும்மா."

வாசகரே, உங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் தனியே வாழ்கிறாரா? இன்று காலை அவர் குரலைக் கேட்டீர்களா? கேட்கவில்லையெனில், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்க் கதவைத் தட்டுங்கள்.