டீச்சரின் செங்கல் பெட்டி

“மாசக் கடைசிக்குள்ளே அந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா நீங்க போகணும், டீச்சர்.”

வீட்டுக்காரி சாரதாம்பாள் அறை வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே வரவில்லை. தரையில் கிடப்பது காலில் குத்திவிடும் என்று பயம்.

கமலவேணி டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பலகை. அதன்மேல் பாதி எழுந்த ஒரு குட்டிச் சுவர். விரல் நுனியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் செங்கல்.

“என்னக்கா தப்பு? சத்தம்கூட வராதே.”

“சத்தம் குழாயடியிலே வருது. பக்கத்து வீட்டு அஞ்சலை ஜன்னல் வழியாப் பார்த்துட்டுப் போய் ஊருக்கே சொல்லிச் சிரிக்கிறா. காலேஜ் படிச்ச டீச்சர், முப்பத்தஞ்சு வயசிலே பொம்மை வச்சு விளையாடுதுலான்னு.”

“இது பொம்மை இல்லேக்கா...”

“மெர்டேகான்னு சுதந்திரம் கிடைச்சு நாலு வருஷம் ஆச்சு, இன்னும் வெள்ளைக்காரப் பிள்ளை போட்டுட்டுப் போனதுதான் வேணுமான்னு கேட்கிறா. நான் என்ன பதில் சொல்ல?”

பெட்டி வந்தது அப்படித்தான். கிளேபாங்கில் ஒரு துரை குடும்பம் ஊருக்குக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களை லேலாங்கில் ஏலம் விட்டார்கள். எல்லாரும் கட்டிலுக்கும் மேசைக்கும் விலை கேட்டார்கள். டீச்சர் இந்தப் பெட்டியைக் கேட்டாள்.

பெட்டிக்குள் படத்தாள் ஒன்று இருந்தது. அதில் நான்கு வீடுகள். நான்கிலும் புகைபோக்கி. டீச்சர் அதில் ஒன்றைக்கூடக் கட்டவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு கல் என்று தானே வரைவாள். வரைந்ததைக் கட்டுவாள். கட்டியதைக் கலைத்தால்தான் அடுத்ததற்குக் கல் கிடைக்கும்.

“நானே யோசிச்சு, நானே கட்டறதுக்கா.”

“கட்டி? யார் குடிவரப் போறா?”

டீச்சர் விரலில் இருந்த கல்லைச் சுவரின்மேல் வைத்து அழுத்தினாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் உஜோங் பாசிர் வரை போய் அறை தேடினாள். முதல் வீட்டில், “கூட யாரு?” என்று கேட்டார்கள். “யாருமில்லை” என்றதும் அறை காலியில்லை என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே கேள்விதான்.

பெட்டிதான் போக வேண்டும். சனிக்கிழமை அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அதற்குள் கடைசியாக ஒரு வீடு. வழக்கம்போல ஒரே ஓர் அறை. இரண்டாவது அறை வரைய அவளுக்கு என்றுமே தோன்றியதில்லை.

புதன்கிழமை மாலை வந்து பார்த்தாள். வீட்டை ஒட்டி, அவள் கட்டாத சுவர் ஒன்று நின்றது.

சிவப்பும் வெள்ளையும் கன்னாபின்னாவென்று கலந்திருந்தன. கல்லுக்கு நேர்மேல் கல். இணைப்பை மாற்றி வைக்கத் தெரியாத கை. தொட்டாலே ஆடியது.

“அக்கா, என் அறைக்குள்ளே யாரும் வந்தாங்களா?”

“யார் வருவா? அஞ்சலை பிள்ளைங்க ஏதாவது நுழைஞ்சிருக்கும்.” சாரதாம்பாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

டீச்சர் அந்தச் சுவரைக் கலைத்துவிட்டுத் தன் வீட்டைத் தொடர்ந்தாள்.

வியாழக்கிழமை, மறுபடியும் சுவர். இந்த முறை கொஞ்சம் உயரமாக. டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசி வீட்டைக்கூட நிம்மதியாகக் கட்ட விடமாட்டார்களா? ஒரே இழுப்பில் பிய்த்துப் பெட்டியில் போட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டு எப்போதும்போல அறை வாசலில் மூடி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த மரச் சுவரின் இந்தப் பக்கம் டீச்சர் சாப்பிட்டாள். அந்தப் பக்கம் சாரதாம்பாள் சாப்பிட்டாள். சிங்கப்பூரில் இருக்கும் அவள் மகனிடமிருந்து தீபாவளிக்குத்தான் கடிதம் வரும். அதனால் அந்தப் பக்கமும் பேச்சுச் சத்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கூட்டம். டீச்சர் திரும்பியபோது இருட்டிவிட்டது. பலகையை ஏறிட்டும் பார்க்காமல் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை. துணிப்பையை எடுத்துக்கொண்டு பலகை முன் உட்கார்ந்தாள். மூன்றாம் முறையாக அந்தச் சுவர் எழும்பியிருந்தது. இல்லை, சுவர் அல்ல. நான்கு பக்கமும் சுவர் எழுந்த முழு அறை. கல்லை மாற்றி மாற்றி அடுக்க யாரோ கற்றுக்கொண்டிருந்தார்கள்.

“எந்தப் பிள்ளைன்னு இன்னிக்குக் கேட்காம விடமாட்டேன்” என்று முணுமுணுத்தபடி அதைப் பிடுங்கக் கை வைத்தாள்.

“கலைக்காதே, கமலா!”

வாசலில் சாரதாம்பாள். இதுவரை ‘டீச்சர்’ தவிர வேறு பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. குனிந்து கற்களைக் கையால் ஒதுக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு தடவை கட்டினேன், ரெண்டையும் கலைச்சுட்டே. உன் அறைக்குப் பக்கத்திலே இது என் அறை. நடுச் சுவரிலே வாசலுக்கு இடம் விட்டிருக்கேன். பெட்டியிலே இன்னொரு கதவு இருக்கா, பாரு.”