குச்சி மாதிரி ஒரு மீன்

மீன் காட்சியகத்தின் பவளப்பாறைத் தொட்டி முன் நின்ற குண்டு மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட அவர் தவறவிடவில்லை. இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும். முதுகில் ஓர் இடி விழுந்தது. விடுமுறை நாள் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். "வாங்க சார். இன்னிக்கு என்ன சந்தேகம்?"

"அது... அந்தக் குச்சி மாதிரி நிக்குதே, அது என்ன மீனுங்க?"

"போன வாரமும் இதையேதான் கேட்டீங்க! ஊதுகுழல் மீன். தலைகீழா நின்னு பவளக் கிளை மாதிரியே நடிக்கும்."

"அப்புறம்?"

"சின்ன மீனைப் பிடிக்கணும்னா தனியா வராது. ஒரு பெரிய மீனோட முதுகுல ஒட்டிக்கிட்டே வரும். பெரிய மீன் அது பாட்டுக்கு அப்பாவியா நீந்தும். கிட்ட வந்ததும் இது சட்டுனு பாயும்."

குண்டு மனிதர் கேட்டேவிட்டார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாங்க?"

"இல்லை. அதை நீங்க ஏன் சார் கேக்கறீங்க? உங்க பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறவரை வந்து கேக்கச் சொல்லுங்க."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒல்லியான இளைஞன் ஒருவன் அசடு வழிய எட்டிப் பார்த்தான்.

"என் மச்சினன்தாம்மா. நான் பிள்ளைகுட்டிக்காரன். வாரா வாரம் என்னை இழுத்துட்டு வந்து உயிரை வாங்கறான்!"

மச்சினன் தொட்டியைப் பார்த்தபடியே முனகினான். "ஏங்க, இப்படி ஒளிஞ்சு வர்றது அந்தச் சின்ன மீனுக்குத் தெரியவே தெரியாதா?"

"அதுக்குத் தெரியாது. எனக்கு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு," என்றாள் அவள். "நான் ஓடினேனா?"