அடிச்சேறு

"சேத்துல ஈயம் இல்லைன்னு லேப்ல சொல்லிட்டாங்க. அதான் எனக்குச் சந்தேகமே!"

வீடு வாங்க வந்தவர் இப்படிச் சொன்னதும், வீட்டை விற்கும் தையல்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டின் பின்பக்கம், ஓடைக்கரையில் நின்றிருந்தார்கள்.

"இல்லைன்னா நல்லதுதானே சார்?"

"ஊருக்கு நடுவுல ஓடுற ஓடை, அதுல ஈயம் இல்லையா? நான் வர்றது தெரிஞ்சு, கரையோரம் நல்ல மண்ணைக் கொட்டி வச்சிருந்தீங்கன்னா?"

"அடக் கடவுளே! அப்படியெல்லாம்கூடவா செய்வாங்க?"

"செய்வாங்க."

சந்தேகத்துக்குச் சம்பளம் உண்டென்றால் அந்த மனிதர் இந்நேரம் கோடீஸ்வரர். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடு ஓடையில் இறங்கினார். பிளாஸ்டிக் கரண்டியால் ஆழத் தோண்டிச் சேற்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி தெளிஞ்சு ஓடிடும். விஷம் அடிச்சேத்துலதான் வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கும். ஓடைக்கு மேல்பக்கம் என்ன இருக்கு?"

"ஒரு பள்ளிக்கூடம், ஒரு நாற்றுப் பண்ணை. அவ்வளவுதான்."

"பண்ணைன்னா மருந்து அடிப்பானே? பட்டறை கிட்டறை ஏதாவது மறைக்கிறீங்களா?"

"என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட நான் இவ்வளவு விசாரிக்கலை சார்!"

வந்தவரின் மனைவி கரையில் நின்றிருந்தாள். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நாங்க இதே ஓடையில கீழ்ப்பக்கம் குடியிருக்கோம். எங்க பாப்பா எந்நேரமும் அந்தச் சேத்துலதான் விளையாடும். ரத்தத்துல ஈயம் ஏறிப்போச்சு. படிச்சதெல்லாம் மறந்து மறந்து போகுது. அதுலேருந்து இவர் யாரையும் நம்புறதில்லை." அவள் குரல் உடைந்தது. "எவனோ கொண்டுவந்து கொட்டுறானே, அந்தப் படுபாவி விளங்கவே மாட்டான்!"

தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. "அழாதம்மா. சார், எத்தனை தடவை வேணும்னாலும் சேறு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. குழந்தைக்குக் குணமானா சரி."

வந்தவர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். துருவித் துருவிப் பார்த்தும் பொய் எதுவும் அகப்படவில்லை.

"சரி, வீட்டை நாங்களே எடுத்துக்கிறோம்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறையைப் பார்க்கத் தையல்காரரோடு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து, ஓடைக்கரையில் தனியாக நின்ற வந்தவருடைய கைப்பேசி அடித்தது.

"முதலாளி, பட்டறையில பழைய பேட்டரி உடைச்ச கழிவுத் தொட்டி வழியுது. என்ன செய்யட்டும்?"

மனைவி தூரப் போய்விட்டாளா என்று பார்த்துக்கொண்டு, அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எப்பவும்போல ஓடையில திறந்து விடு. இனிமே கவலையில்லை, பட்டறைக்கு மேல்பக்கமா வீடு அமைஞ்சிடுச்சு."