தயாபரனுக்கே டெஸ்ட்டா

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

கார் குலுங்கி நின்றது. பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, ஃபைலை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் உறைந்து நின்றாள். எல்.எல்.ஆர். போட வந்தவள். ஓரமாக நடந்து போனாள்.

ஸ்டியரிங்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. ஆச்சரியம்தான்.

“என்னாச்சுங்கம்மா?”

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தயாபரன். கோவையில் அந்தப் பெயரைத் தெரியாதவர் குறைவு. ரேஸ் கார் ஓட்டியவர். ஒரு காலத்தில் அவரை முந்த ஆளில்லை. இப்போது ஒரு ரவுண்டானாவுக்கு அவர் பெயர். பேக்கரிச் சுவர்களில் அவர் படம்.

அவள் வாகன ஆய்வாளர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர்.

வெளிநாட்டில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அவருடைய லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது விதி. போட்டோ மட்டும் எடுத்து அனுப்பிவிடச் சொன்னார் ஆர்.டி.ஓ. அவள் கேட்கவில்லை.

விதிக்காக மட்டுமில்லை.

ஒரே ஒரு முறை அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து இருந்த ஆசை.

அப்போது அப்பா அவளை இருங்காட்டுக்கோட்டைக்கு ரேஸ் பார்க்க அழைத்துப் போயிருந்தார். நல்ல மழை. அவர்களுக்குக் கிடைத்தது கடைசி வளைவுக்கு எதிரே, வேலியோரம். மேடையில் இருந்தவர்கள் முடிவுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வளைவைப் பார்த்தாள்.

மற்ற கார்கள் சீறி வந்து, கடைசி நொடியில் பிரேக் பிடித்து, வழுக்கி அகன்று போயின. தயாபரன் எல்லோருக்கும் முன்பே வேகத்தைக் குறைத்தார். போச்சு என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

உள்விளிம்பை ஒட்டி அந்தக் கார் திரும்பியது. நழுவவில்லை. வளைவைவிட்டு வெளியே வந்தபோது எல்லோரும் அதற்குப் பின்னால் இருந்தார்கள்.

அன்றிலிருந்து ஊர் அவரை வேகம் என்றே புகழ்ந்தது. சட்டையில் வேகம். போஸ்டரில் வேகம். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். மிதித்தால் யாருக்கும் வேகம் வரும். எங்கே குறைக்க வேண்டும் என்று அந்த மழையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. மொத்தம் எத்தனை கோப்பை என்று கேட்பார்கள்.

இன்றும் அந்தக் கைகள் அப்படியே இருந்தன. கியர் மாறியதே அவளுக்குத் தெரியவில்லை. டெஸ்ட் மைதானத்தில் நட்டிருந்த கம்புகளுக்கு நடுவே பின்னோக்கி எடுத்தபோது ஸ்டியரிங்கை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

அப்போதுதான் ஃபைலோடு அந்தப் பெண் இடது பக்கமிருந்து வந்தாள்.

பிரேக்கை இழுத்து நிறுத்தியவள் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவருடைய இடது காதருகிலிருந்து தன் கையை மெல்ல முன்னே கொண்டுவந்தாள். மூக்குக்கு நேராக வரும்வரை அவர் கண் அசையவில்லை.

டாக்டரிடம் கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டாள். காட்டினேனே என்றார். டாக்டரும் அவர் ரசிகராம். பழைய ரேஸ்களைப் பேசியே நேரம் போய்விட்டதாம். மெடிக்கல் சர்டிபிகேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கி வந்தாராம். கொஞ்ச நாளாக இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது, வயதாகிவிட்டதில்லையா என்று சிரித்தார்.

“உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலைங்க சார். லைசென்ஸ் அப்புறம். முதல்ல கண்ணைப் பாருங்க.”

அதையும் அவர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டார். யாரும் அவரிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

ஆர்.டி.ஓ. அறைக்குள் கூப்பிட்டார். கண்ணைப் பற்றி அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“தயாபரனுக்கே டெஸ்ட்டாம்மா? ஊரு சிரிக்கும்.”

வேறொரு ஆய்வாளரைக் கூப்பிட்டார். அவர் காரில் ஏறக்கூட இல்லை. பாஸ் போட்டுவிட்டு, தயாபரனின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். யாரோ மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். அவள் மேஜையிலும் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

இத்தனை பேர் அவரைக் கொண்டாடினார்கள். இத்தனை பேரில் ஒருவருக்கும் அவர் கண் தேவைப்படவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தயாபரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து சீட்டில் அவர் மகள் சாருலதா. அலுவலகமே இரண்டு பக்கமும் நின்று செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தது. சாருக்கு வழி விடுங்கப்பா என்று ஒருவர் முன்பக்கத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு ரேஸ் ஸ்டார்ட் கொடுக்கும்படி இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் படியிறங்கி ஓடினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், காரின் இடது முன்விளக்குக்கு நேர் முன்னால் நின்றாள்.

பேசவில்லை. பேசியதற்கு என்ன மரியாதை என்று பார்த்தாயிற்று.

எஞ்சின் உறுமியது. அவர் நேராகப் பார்த்தார். கூட்டத்துக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்தார். கியரைப் போட்டார்.

அவள் நகரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் சாருலதா அவளைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

“ஏன் சாரு? முன்னாடி யாருமே இல்லையே.”

உயர்ந்திருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

சாருலதா சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். முன்விளக்கருகே நின்றவளைக் கடந்து, காரின் முன்பக்கமாகச் சுற்றி, அப்பாவின் கதவை நோக்கி நடந்தாள்.

பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார்.