எடை பார்த்து ஒரு லென்ஸ்

ஓய்வுபெற்ற மேலாளர் கேமராக் கடையில் ஒவ்வொரு லென்ஸையும் பையில் போட்டு, தோளில் மாட்டி, பதினேழு சுற்று நடந்து பார்த்தார்.

"படம் எப்படி விழுதுன்னு பார்க்கலையா சார்?" என்றார் கடைக்காரர்.

"அது கிடக்கட்டும். இன்னும் லேசா இல்லையா? போன தடவை மலையேறினதுல அரை அடி குள்ளமாயிட்டேன்!"

"அனுபவம் பேசுது! இந்தச் சின்னதை எடுத்துக்குங்க. பூனைக்குட்டி கனம்தான்."

பில் போடும் நேரத்தில் மேலாளரின் மனைவி உள்ளே வந்தார். அலமாரியில் யானைத் தும்பிக்கை போலக் கிடந்த லென்ஸைக் காட்டினார்.

"அதைக் குடுங்க. பறவைக்கு அதுதான் சரி."

"சாரால அதைத் தூக்கிப் படமெடுக்க முடியாதேம்மா!"

"படமெடுக்கிறது நான். அவருக்குத் தூக்குறது மட்டும்தான் வேலை."

கடைக்காரர் மேலாளரின் தோளைப் பரிவோடு பார்த்தார்.

"பஞ்சு வச்ச வார் இருக்கு சார்."

"ரெண்டாக் குடுங்க."