சீக்கு வந்த புத்தகம்

"தம்பி, என் புத்தகத்துக்குச் சீக்கு வந்துடுச்சு."

ஜும்மா தொழுகை முடித்து, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி கடைக்குள் நுழைந்த இனாயத், வாசலிலேயே வழிமறித்த சண்முகசுந்தரத்தைப் பார்த்துத் திகைத்தான். லஸ் பக்கம் அவன் பிரவுசிங் சென்டர் திறந்து எட்டு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் லைன் கிடைக்கவில்லை என்பார்கள், கரண்ட் போச்சு என்பார்கள். சீக்கு என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

"இன்னா ஸார் சொல்றீங்க?"

"திறந்து பாத்தேன். ஒரு கட்டம், ஒரு கேள்விக்குறி, தலையில கொம்பு வெச்ச இங்கிலீஷ் எழுத்து. தமிழ் எழுத்து பேருக்கு ஒண்ணுகூட இல்லே. பக்கத்து மெஷின் பொண்ணுகிட்டக் காட்டினேன். வைரஸ்னு சொல்லுச்சு."

அந்தப் பெண் நீரஜா, கல்லூரி மாணவி, சட்டென்று திரும்பினாள். "வைரஸா இருக்குமோன்னுதான் மாமா சொன்னேன். நேக்கு நிச்சயமாத் தெரியாது."

"தம்பி, இன்டர்நெட்டுல என் புத்தகத்தை வெச்சிருக்கற அந்த அமெரிக்காக்காரன்கிட்ட நல்ல காப்பி இன்னொண்ணு இருக்குமா?"

"ஓசியில எடம் குடுக்கறவன் ரெண்டாவது காப்பி வேற எடுத்து வெச்சிக்கினு இருப்பானா ஸார்? நீங்க போட்டது ஒண்ணு, இருக்கறது ஒண்ணு."

சண்முகசுந்தரம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய சந்துகளில் இருபத்தெட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியதையெல்லாம் முந்நூறு பக்கம் எழுதியிருந்தார். மகள் தமிழ்மொழி தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஆறு மாதம் உட்கார்ந்து அதை அடித்துக் கொடுத்தாள். வேலையை விட்டுவிட்டுப் புருஷனோடு மஸ்கட் கிளம்பியபோது, இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த பெட்டி ஒன்றில் அதைப் போட்டுப் பூட்டி, அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு, சாவியாக ஒரு பாஸ்வேர்டையும் அப்பாவிடம் கொடுத்தாள். "இனிமே வெள்ளம் வந்தாலும், தீப்பிடிச்சாலும் கவலையில்லேப்பா" என்றாள். மகள் சொன்னால் சரிதான் என்று மனுஷர் கையெழுத்து நோட்டுகள் அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். வீடு சுத்தமானதில் அன்றைக்குப் பெருமை வேறு.

தியாகராய நகர் பதிப்பாளர் தனபாலன் இன்று ஐந்து மணிவரைதான் கெடு கொடுத்திருந்தார். தவறினால், புத்தகக் கண்காட்சிக்கு இவருடைய இடத்தில் வேறு யாரோ அச்சேறிவிடுவார்கள். இரண்டு வருடமாகப் பதிப்பாளர்களின் படியேறி அலைந்து கிடைத்த இடம் அது.

"ஸார், உங்க பொண்ணு தமிழ்லதானே அடிச்சாங்க?"

"பின்னே? தமிழ்லதான்."

இனாயத் வாய்விட்டுச் சிரித்தான். "வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல ஸார்! தமிழுக்குன்னு தனியா ஃபான்ட் போடணும். அவங்க ஆபீஸ்ல போட்ட ஃபான்ட் நம்ம மெஷின்ல இல்ல. அதான் கன்னாபின்னான்னு காட்டியிருக்கு."

"அப்போ... சீக்கு இல்லையா?"

"இல்லவே இல்ல."

"எழுத்தே இல்லியே தம்பி."

"கண்ணாடியக் கழட்டிட்டு பேப்பர் படிச்சா எழுத்து கலங்கித் தெரியும். அதுக்குன்னு பேப்பர் கெட்டுப்போச்சுன்னு சொல்வீங்களா?"

சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். கடைக்குள் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் கழுத்தெல்லாம் வியர்த்தது.

"அந்தக் கட்டம், கொம்பு... அதெல்லாம்?"

"அதெல்லாம் உங்க புத்தகந்தான் ஸார். ஒரு எழுத்து கொறையாம கீது."

"முந்நூறு பக்கமுமா?"

"முந்நூறும்!"

விளக்க விளக்க மனுஷர் முகம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் குழம்புகிறதே என்று இனாயத்துக்குக் கவலையாகிவிட்டது. வயதானவர், கம்ப்யூட்டர் புதுசு, மெல்லத்தான் ஏறும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். மேஜை டிராயரைக் கிளறி ஒரு ஃப்ளாப்பியை எடுத்து மெஷினில் செருகினான்.

"போன வாரம்கூட ஒரு வாத்தியார் இப்டித்தான் பயந்துகினு வந்தாரு. இதுல ஏழெட்டு தமிழ் ஃபான்ட் கீது. எல்லாத்தையும் ஏத்திடறேன். உங்களுது எதுவோ ஒண்ணு இதுல இருந்தே தீரும்."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா தம்பி?"

"எத்தினி வாட்டி கேப்பீங்க ஸார்?"

"நல்லவேளை மாமா!" என்றாள் நீரஜா. தான் கிளப்பிவிட்ட வைரஸ் பொய்யாகிப் போனதில் அவளுக்குத்தான் எல்லாரையும்விட நிம்மதி.

ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இனாயத் எழுந்து, நாற்காலியைத் தட்டி, அவர் பக்கம் திருப்பிப் போட்டான்.

"உக்காருங்க. பாஸ்வேர்டு போட்டுத் திறங்க. ஃப்ளாப்பியில ஏத்தித் தர்றேன். ஆட்டோ புடிச்சா நாலு மணிக்கு தனபாலன் முன்னாடி நிக்கலாம்."

சண்முகசுந்தரம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"சீக்கு கண்ட பொருளை ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்கக் கூடாதுங்கறது எங்க டிபார்ட்மென்ட் சட்டம், தம்பி" என்றார். "உங்க நாலு மெஷினுக்கும் தொத்திக்குமேன்னு, நீங்க தொழுகையில இருக்கறப்பவே அதை அழிச்சுட்டேன். நிச்சயமாவான்னு மெஷினே ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் ஆமான்னு நான்தான் அமுக்கினேன்."