பாக்கி ஒரு எபிசோட்

“இன்னிக்கு யாரைக் கொல்றோம்?”

செருப்பைக் கழற்றக்கூட விடாமல் மாமனார் கேட்டார். அவள் கைப்பையைச் சோபாவின் ஓரத்தில் போட்டாள். நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டிய தோள் இரண்டும் இரும்பாகக் கனத்தன.

“அந்தப் பல் டாக்டரைத்தான் மாமா. இருங்க, முகம் கழுவிட்டு வந்துடுறேன்.”

தினம் சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் பார்ப்பது அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்று. வெட்டும் குத்துமாக ரத்தம் ஆறாக ஓடும். அந்த ரத்தத்திலேயே கொலைகாரன் வழுக்கி விழுவான். வெட்டுப்பட்ட தலை தன் உடம்பைப் பார்த்து, “பட்டனை ஒழுங்கா போடுடா” என்று அதட்டும். கதை நேராகவும் போகாது. முதலில் பிணம் வரும், பிறகு அந்தப் பிணத்தின் கல்யாணம், நடுவில் அதன் பள்ளிக்கூட நாட்கள்.

அவள் கணவனுக்கு இந்தத் தொடர் என்றால் பைத்தியம். அவன் செத்துப்போன பிறகு, மிச்சமிருந்த இருவரும் பேச ஒன்றுமில்லாமல் இதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். முதல் நாள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாம் நாள் மாமனார் சிரித்தார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு அது.

“கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா இருந்தவனுக்கு இதெல்லாம் புதுசா? அங்கேயும் முதல்ல பிணம்தான் வரும். கதை அப்புறம் வரும், அதுவும் வாய்தாவுக்கு வாய்தா மாறும்” என்பார். சில சமயம் திரையில் அடி விழுவதற்கு முன்பே சிரித்துவிடுவார். அவளுக்கும் தொற்றிக்கொள்ளும்.

வேறு ஊரில் இருக்கும் அவர் மகள் அவரைத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “இந்தக் கதையை முடிச்சுட்டு வந்துடுறேன்மா” என்று வாக்குக் கொடுத்தது அவரேதான்.

அன்றிலிருந்து கதை முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது இவளுக்கு. பெற்ற மகள் கூப்பிடும்போது, மருமகள் எந்த உரிமையில் ‘இருங்க’ என்று சொல்வது? சொல்ல வாய் வரவில்லை. அதனால் கடைசி எபிசோடைத் தொடாமல் விட்டுவிட்டு, பார்த்ததையே மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தாள். கதையே முன்னும் பின்னுமாக ஓடுகிறது. எது பழசு, எது புதுசு என்று அவருக்கு எங்கே பிடிபடப் போகிறது?

“இவன் ஏற்கெனவே செத்தவன் இல்லை?” என்று எப்போதாவது கேட்பார்.

“இது அதுக்கு முன்னாடி நடந்தது மாமா.”

“அதானே பார்த்தேன்.”

பெரிய மனுஷரை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தும். ஆனால் வேலை முடிந்து இருட்டு வீட்டைத் தானே திறந்துகொண்டு நுழைவதை நினைத்தால், கை தானாகப் பழைய எபிசோடுக்குப் போய்விடும்.

இன்று முகம் துடைத்துக்கொண்டு வந்தபோது, மாமனார் பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மத்தியானமே வந்து உள்ளறையில் படுத்திருந்தாளாம். சுவரோரம் அவர் துணிப்பெட்டி தயாராக நின்றது.

“காலையில பஸ், அண்ணி. டிக்கெட் எடுத்தாச்சு. அப்பா கதை முடியலைங்கிறார். அப்படி இன்னும் எத்தனைதான் பாக்கி?”

அவளால் முகத்துக்கு நேரே பொய் சொல்ல முடியவில்லை.

“ஒண்ணுதான்.”

“அவ்வளவுதானே? போடுங்க, நானும் பார்க்கிறேன்.”

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கடைசி எபிசோடைப் போட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முடிவைப் பார்க்கத் தெம்பில்லை. உடம்பு அசதி ஒரு பக்கம், மனசு அசதி ஒரு பக்கம்.

வாள் மோதும் சத்தம். யாரோ அலறினார்கள். “ச்சீ, என்னப்பா இது கண்றாவி!” என்றாள் நாத்தனார். கொஞ்ச நேரத்தில் அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சத்தமும் தூரத்துக்குப் போய், மருமகளுக்குக் கண் செருகியது.

“ஐயோ, கதவைத் திறக்கப் போறாளே! பின்னாடி யாருப்பா நிக்கிறாங்க?”

“அவ அக்காதான். கையில சுத்தியலோட நிப்பா பாரு.”

டமால் என்று ஓர் அடி. நாத்தனார் வீல் என்று கத்தினாள். மருமகளுக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

“அப்படியே சொல்றீங்க! இதை ஏற்கெனவே பார்த்தாச்சா?”

டிவியின் சத்தம் குறைந்தது. மாமனாரின் குரலும் இறங்கியது.

“அவ டியூட்டிக்குப் போனப்புறம் பகல்ல உட்கார்ந்து பார்த்தேன். எப்பவோ முடிச்சாச்சு.”

“அப்புறம் ஏன் முடியலை, முடியலைன்னு என்னை இத்தனை மாசம் இழுத்தடிச்சீங்க?”

“மெதுவா பேசும்மா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டா, நாளையிலேருந்து பழசைப் போட மாட்டா.”